பால் காய்ச்சினவள்

இங்க யாரும் வரலையேம்மா? அப்ப அந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கோ. அப்பாடா. காலை மட்டும் அந்தப் பக்கம் நகர்த்திக்கோ பாப்பா, பக்கெட்டு இடிக்கும். பயப்படாத, கறிவேப்பிலைக் கன்னுதான். மண்ணு லேசாச் சிந்தும். உன் செருப்பு கறுப்புதானே, தெரியாது.

திருச்சிக்கா? நானும் அங்கதான். கருமண்டபத்துல இறங்கணும். காதுல என்ன அது, பாட்டா? கேளு, கேளு. ஒரு காதுல மாட்டிக்கோ. இன்னொரு காதை எனக்கு விட்டுரு.

சொந்த வீடா, வாடகையா? கோவிச்சுக்காத. சில பேர் ஆளைப் பார்த்ததும் என்ன சாதின்னு கேப்பாங்க. நான் என்ன வீடுன்னு கேப்பேன். அதுக்கு இது எவ்வளவோ தேவலை. ஹாஸ்டலா? சரி. ஹாஸ்டல்ல இருக்கிறவங்களும் ஒரு நாள் வீடு தேடித்தான் ஆகணும். எனக்கு அவசரமில்ல.

என் பேரு சவுந்தரம். திண்டுக்கல் நாகல்நகர்ல எந்தப் பெட்டிக்கடையில வேணாலும் கேளு, புரோக்கரம்மான்னா காட்டுவாங்க. இந்தத் தொழில்ல பொம்பளைங்க கம்மி. ஆம்பளைங்க நிறைய. அவங்க என்ன செய்வாங்க தெரியுமா? வீடு காட்டுறப்ப அண்ணன் தம்பி மாதிரி கூடவே சுத்துவாங்க. பத்திர ஆபீஸ்ல கையெழுத்து ஆனதும் வாசல்ல ஒரு சாத்துக்குடி ஜூஸ் குடிப்பாங்க. அந்த ஜூஸோட சரி. மறுநாள் நீ போன் பண்ணி "அண்ணே, கரண்டு மீட்டர் பழைய ஆள் பேருலயே இருக்குதே"ன்னு கேட்டா, "ஹலோ, யாரு?"ம்பாங்க.

நான் அப்படி இல்ல. நான் விட மாட்டேன். நான் வித்த வீட்டுல எந்தக் குழாய் ஒழுகுதுன்னு எனக்குத் தெரியும். எந்த வீட்டுல யார் யாரோட பேசறதில்லைன்னும் தெரியும். பட்டா மாத்திக் குடுப்பேன், மீட்டருக்குப் பேர் மாத்திக் குடுப்பேன், வீட்டு வரிக்கு அலைவேன், பாத்திரம் தேய்க்க ஆள் பிடிச்சுக் குடுப்பேன். பத்திரம் முடியறது முடிவு இல்ல பாப்பா. அங்கதான் ஆரம்பமே. இதை நான் எல்லாப் பார்ட்டிக்கும் முதல் நாளே சொல்லிடுவேன். சில பேர் அதைக் கேட்டதும் வேற புரோக்கரைப் பார்க்கப் போயிடுவாங்க. அவங்களுக்குக் குடுத்து வைக்கல.

இப்ப நான் போறது அப்படி ஒரு பார்ட்டி வீட்டுக்குத்தான். பார்ட்டின்னு சொல்லக் கூடாது. என் தம்பி வீடு. கூடப் பிறந்த தம்பி இல்ல. கூடப் பிறக்காத தம்பியும் இல்ல. அது ஒரு மாதிரி. சொன்னாத்தான் புரியும். நீ ஜன்னல் பக்கம் பாக்காத, அங்க ஒண்ணுமில்ல, அய்யலூர் வரைக்கும் பொட்டல்தான்.

தம்பி பேரு திருமூர்த்தி. இன்சூரன்ஸ் ஆபீஸ்ல வேலை. பேச மாட்டாரு. சிரிப்பாரு. பொண்டாட்டி பேரு வினோதா. வீட்டுலயே உட்கார்ந்து கம்ப்யூட்டர்ல வேலை பார்க்கிற பொண்ணு. வீடு வேணும்னு எங்கிட்ட வந்தாங்க. எல்லாரும் என்ன கேப்பாங்க? தண்ணி எப்படி, கிழக்குப் பார்த்ததா, ஸ்கூல் பக்கமா. வினோதா ஒரே கேள்விதான் கேட்டா. "அக்கா, இங்கேர்ந்து எங்க மதினி வீட்டுக்கு எவ்வளவு தூரம்?"

மதினின்னா திருமூர்த்தியோட அக்கா. பூங்கோதைன்னு பேரு. அப்பா அம்மா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்த அக்கா. எனக்கு மனசு நெகிழ்ந்து போச்சு. இந்தக் காலத்துல நாத்தனார் மேல இவ்வளவு பாசமா! உடனே பூங்கோதை வீட்டுக்கு அடுத்த தெருவுல ஒரு அருமையான வீடு காட்டினேன். மொட்டை மாடியில நின்னா அவங்க வீட்டு அடுப்படி தெரியும். அதையும் காட்டினேன். வினோதாவுக்கு முகம் வெளுத்துப் போச்சு. தலை சுத்துதுன்னா. உயரம் ஒத்துக்கலை போல. அப்புறம் ஊருக்கு அந்தக் கோடியில, பைபாஸ் தாண்டி ஒரு வீடு காட்டினேன். உள்ள போய்க்கூட பார்க்கல, "இது போதும்க்கா"ன்னுட்டா. ஏன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல. காத்தோட்டம் பிடிச்சிருக்கணும்.

சரி, பத்திரம் ஆச்சு. கிரகப்பிரவேசம். எல்லா ஏற்பாடும் நான்தான். வாழைமரம், பந்தல், பசு, கன்னு. அந்தப் பசு இருக்கே, டைல்ஸ் தரையில கால் வைக்கவே பயந்துச்சு. சாக்கு விரிச்சு, வாழைப்பழம் காட்டி, பின்னால ஒரு ஆள் தள்ளி, ஹால் நடுவுல கொண்டாந்து நிறுத்தினா, எல்லார் முன்னாடியும் செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டுப் போச்சு. ஐயர் "லட்சுமி கடாட்சம்"னு கும்பிட்டார். கடாட்சத்தை வாரிக் கொட்டினது நான்.

அன்னைக்குப் பெரிய முகூர்த்தம். ஊர்ல பாதிப் பேர் அன்னைக்கே குடி போறாங்க. ஐயருக்கு இன்னும் ரெண்டு மூணு வீடு பாக்கி. ஸ்கூட்டரை ஆஃப் பண்ணாமலே நிறுத்திட்டு வந்து மந்திரம் சொல்றார். ஹோமப் புகை பாதி, ஸ்கூட்டர் புகை பாதி. நல்ல நேரம் போயிட்டே இருக்கு. பால் காய்ச்சணும்.

இங்கதான் விஷயம். அவங்க வழக்கத்துல புது வீட்டுல மொதப் பால் காய்ச்சுறது வீட்டுக்காரரோட அக்கா தங்கச்சிதான். அவ கையால பால் பொங்கினாத்தான் வீடு விளங்கும். பொங்கினதும் அவளுக்குப் பட்டுச்சேலை. அன்னையிலிருந்து அந்த வீட்டுல அவளுக்கு ஒரு பாத்தியதை. அந்தப் பூங்கோதையைக் காணோம்! அந்தம்மா எந்த விசேஷத்துக்கும் கடைசியாத்தான் வரும். எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு வரணும், வந்ததும் எல்லாரும் எந்திரிச்சு நிக்கணும். அந்த ரகம்.

ஐயர் பொறுத்துப் பார்த்தார். "வீட்டுக்காரரோட சகோதரி யாரு? சீக்கிரம் வாங்கோ, நாழியாறது"ன்னார். திருமூர்த்தி வாசலைப் பார்க்கிறார். வினோதா அடுப்பைப் பார்க்கிறா. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நான் வித்த வீடு! நல்ல நேரம் தவறி அந்த வீட்டுல ஏதாச்சும் ஒண்ணுன்னா யார் பேரு கெடும்? அந்தப் பசு பேரா கெடும்?

"நான்தான்"னுட்டேன்.

ஒரு சொல்லு. அவ்வளவுதான். ஐயர் நெருப்புப் பெட்டியை என் கையில குடுத்துட்டார். பத்த வச்சேன். பால் எப்படிப் பொங்குச்சுங்கிற! கிழக்கு முகமாப் பொங்கி வழிஞ்சு, அடுப்பு அணைஞ்சு, மேடையெல்லாம் ஓடி, கீழ சொட்டுது. எல்லாரும் கை தட்டுறாங்க. அந்த நேரத்துல வாசல்ல வந்து நிக்குது பூங்கோதை. கையில தாம்பாளம், கழுத்துல அத்தனை நகை, பின்னால அஞ்சாறு சொந்தம்.

"அப்ப நான் யாருடா?"ன்னு தம்பியைக் கேட்டாங்க.

அவரு சட்டைப் பொத்தானைப் பார்த்துட்டு நின்னார். யாராவது பதில் சொல்லணும்ல? நான்தான் சொன்னேன். "நீங்க லேட்டு."

உண்மையைத்தானே சொன்னேன்? அதுக்கு அந்தம்மா தாம்பாளத்தை வாசப்படியில டம்முன்னு வச்சுட்டு, "இந்த வீட்டுப் பாலைக் குடிக்க என் காலு இந்தப் படி ஏறாது"ன்னு திரும்பிப் போயிடுச்சு. காலு எப்படிப் பால் குடிக்கும்னு நான் கேக்கல. நல்ல நாளும் அதுவுமா எதுக்கு.

அன்னைக்குச் சாயங்காலம், எல்லாரும் போன பிறகு, வினோதா என் கையைப் பிடிச்சுக்கிட்டா. ரெண்டு கையையும். கண்ணெல்லாம் தண்ணி. "அக்கா, நீங்க எனக்கு எவ்வளவு பெரிய உதவி பண்ணியிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியாது"ன்னா. ஒரு படி பால் காய்ச்சினதுக்கு இவ்வளவு அழுவாங்களா? நல்ல மனசு, பாப்பா. மதினிக்குன்னு எடுத்து வச்சிருந்த பட்டுச்சேலையை எனக்கே குடுத்துட்டா. இந்தா, இதுதான். முந்தியைத் தொட்டுப் பாரு. நல்ல கனம்.

சரி, நான் என்ன செய்யணும்? பட்டுச்சேலையை வாங்கிட்டுப் போய்ப் படுத்துக்கிறதா? பால் காய்ச்சினவளுக்குப் பொறுப்பு இருக்குல்ல? போக ஆரம்பிச்சேன். வெள்ளிக்கிழமை போவேன். அப்புறம் செவ்வாயும் வெள்ளியும். அப்புறம் அந்தப் பக்கம் போறப்பெல்லாம். அந்தப் பக்கம் எனக்கு நிறைய வேலை இருந்துச்சு.

மீட்டர் பேர் மாத்தினேன். பட்டா வாங்கிக் குடுத்தேன். அதுக்கெல்லாம் வினோதா அவ்வளவு சந்தோஷப்பட்டா. அப்புறம் பார்த்தா, ஃப்ரிட்ஜ் வடக்குப் பார்த்து இருக்கு. நகர்த்தினேன். அரிசி டிரம்மு கண்ட இடத்துல. நகர்த்தினேன். சாமி படமெல்லாம் ஆணி அடிச்ச இடத்துல மாட்டியிருக்கா, சாமிக்கு எது பிடிக்கும்னு பார்த்து மாட்டல. மாத்தினேன். மளிகைச் சாமான் டப்பாவெல்லாம் வரிசை மாத்தி அடுக்கிக் குடுத்தேன். வினோதா ஒரு வாரம் சீரகத்தைத் தேடினாளாம். தேடினாத்தானே பழகும்?

சாவியா? ஆமா, ஒரு சாவி எங்கிட்ட இருந்துச்சு. நான் வித்த எல்லா வீட்டுக்கும் ஒரு சாவி வச்சுக்குவேன். பாதுகாப்புக்குத்தான். அவங்க தொலைச்சுட்டா? ஒரு நாள் மணி அடிச்சேன், திறக்கல. பாவம், வேலையா இருப்பா, எதுக்குத் தொந்தரவுன்னு நானே திறந்துக்கிட்டுப் போனேன். அவ முன்னாடி கம்ப்யூட்டரு, அதுல கட்டம் கட்டமாத் தலை. ஒரு வெள்ளைக்காரன்கூட இருந்தான். நான் பின்னாடி விளக்கமாத்தோட நிக்கிறது அதுல தெரியுது. மரியாதை இல்லாம போகலாமா? எல்லாருக்கும் வணக்கம் சொன்னேன். "இந்த வீட்டுக்கு நான்தான் பால் காய்ச்சினேன்"னேன். வெள்ளைக்காரன் கையை ஆட்டினான். வினோதா மேசையில தலையைக் கவுத்துக்கிட்டா. வெக்கம்.

அடுத்த வாரம் போறேன், சாவி சேரல. பூட்டையே மாத்தியிருக்கா! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. என்னடான்னு யோசிச்சேன். சரி, திருடன் பயம் போல, புருஷன் ஆபீஸ் போயிடுறார், பொண்ணு தனியா இருக்கு. மறுநாளே வெல்டிங் கடைக்காரரைக் கூட்டிட்டுப் போய் வாசல்ல இரும்புக் கதவு ஒண்ணு போட்டுக் குடுத்தேன். அதுக்கு ரெண்டு சாவி. ஒண்ணு அவளுக்கு.

சிரிக்கிறியா? சிரி, சிரி. வினோதாவும் அன்னைக்கு அப்படித்தான் சிரிச்சா. நிறுத்தவே இல்ல. திருமூர்த்தி வந்து தண்ணி குடுத்துத்தான் நிறுத்தினார்.

அதுக்கப்புறம் அவ ஒரு காரியம் பண்ணினா பாரு. யாரும் எதிர்பார்க்கல. பழம், பூவு, சேலை எல்லாம் வாங்கிக்கிட்டுத் தானே பூங்கோதை வீட்டுக்குப் போய், "மதினி, உங்க தம்பி வீட்டுல யார் யாரோ வந்து உரிமை கொண்டாடுறாங்க. நீங்க வந்து இருங்க மதினி"ன்னு கூப்பிட்டிருக்கா. யார் யாரோன்னா யாரைச் சொன்னான்னு தெரியல. பால்காரன் கொஞ்சம் வாய் நீளம், அவனா இருக்கும். பூங்கோதை பெட்டி படுக்கையோட வந்துருச்சு.

நான் வழக்கம்போல வெள்ளிக்கிழமை போறேன். நான் உட்கார்ற நாற்காலியில அந்தம்மா உட்கார்ந்திருக்கு.

"நீங்க எந்த வகையில சொந்தம்?"னு கேட்டுச்சு.

"பால் வகையில"ன்னேன்.

"அப்படிப் பார்த்தா பால்காரனும் சொந்தம்தான்"னுச்சு.

"அவன் நேரத்துக்கு வர்றானே"ன்னேன்.

அய்யோ, அன்னைக்கு நடந்த சண்டை! அரிசி டிரம்மை அந்தம்மா ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க. அந்தம்மா சாமி படத்தைக் கழட்ட, நான் மாட்ட. வினோதா அடுப்படி வாசல்ல சாய்ஞ்சு நின்னு பார்க்கிறா. கையில காப்பி. அவ முகத்துல அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததே இல்ல. தனக்காக ரெண்டு பேர் இப்படி அடிச்சுக்கிறாங்களேன்னு பெருமை இருக்காதா?

அப்படியே ரெண்டு மூணு வெள்ளி போச்சு. ஒரு நாள் மூணு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். வினோதா சாம்பார் ஊத்தினா. நான் ஒரு வாய் வச்சேன். பூங்கோதை ஒரு வாய் வச்சுது. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல, "பெருங்காயம் போடலையா?"ன்னோம்.

ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். அவ்வளவுதான் பாப்பா. அப்புறம் என்ன சண்டை? அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் பேசினோம். வினோதா பாத்திரம் கழுவறது, துணி காயப்போடறது, திருமூர்த்தி இளைச்சுப் போனது, ஒண்ணு பாக்கி இல்ல. எனக்குத் தோணினதெல்லாம் அதுக்கும் தோணியிருக்கு! தங்கமான மனுஷி. இத்தனை நாள் வீணாப் போச்சேன்னு ரெண்டு பேருக்கும் வருத்தம்.

இப்ப பூங்கோதை என் பார்ட்னர். நிஜமாத்தான். வீடு காட்டுறப்ப கூட வருவா. பேரம் பேசற பார்ட்டியை ஒரு பார்வை பார்ப்பா. நாங்க சொன்ன விலைக்கே முடிச்சுட்டுப் போயிடுவான். பெட்டியைத் தூக்கிக்கிட்டு அவ வீட்டுக்கே திரும்பிட்டா, ஆனாலும் தினம் காலையில வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் வினோதா வீட்டுலதான் சந்திப்போம். காப்பி குடிப்போம். ஆபீஸ் மாதிரி.

ஆனா அந்தப் பொண்ணு அப்பத்தான் மெலிய ஆரம்பிச்சா. கேட்டா, "ஒண்ணுமில்லக்கா"ம்பா. நானும் பூங்கோதையும் மாத்தி மாத்தித் திருஷ்டி சுத்திப் போட்டோம். கேக்கல.

திடீர்னு ஒரு நாள் திருமூர்த்தி, "திருச்சிக்கு மாத்திட்டாங்க"ன்னார். மாத்தினது அவங்க இல்லையாம், அவரே எழுதிக் குடுத்து, கெஞ்சிக் கேட்டு வாங்கின மாத்தலாம். அவர் ஆபீஸ்ல பியூன் சொன்னான். வேலையில அவ்வளவு ஈடுபாடு. சரி, மாத்தல்னா போக வேண்டியதுதான். ஆனா வீட்டை வித்துட்டாங்க பாப்பா. நான் காட்டின வீட்டை. நான் பால் காய்ச்சின வீட்டை. எங்கிட்ட சொல்லல, பூங்கோதைகிட்ட சொல்லல. டை கட்டின ஒரு பையன். போன்லயே வீடு விக்கிறானாம். புரோக்கர்னா கோவம் வருமாம், கன்சல்டன்ட்டுன்னு சொல்லணுமாம். அந்த வீட்டை வித்ததும் அவன்தான், திருச்சியில இவங்களுக்கு வீடு வாங்கிக் குடுத்ததும் அவன்தான்.

நானும் பூங்கோதையும் ஒரு சைட்டைக் காட்டிட்டு வர்றோம், வாசல்ல லாரி நிக்குது. சாமான் பாதி ஏறிடுச்சு. வினோதா எங்களைப் பார்த்ததும் டிரைவர்கிட்ட, "சீக்கிரம் எடுங்க, சீக்கிரம்"ங்கிறா. வழியில இருட்டிடும்னு பயம். நான் கேட்டேன், "எங்கம்மா வீடு? எந்தத் தெரு?" "திருச்சியிலக்கா"ன்னா. திருச்சி என்ன ஒரு தெருவா?

அட்ரஸ் எப்படிக் கிடைச்சுதா? லாரிக்காரர் நம்ம ஆளு. எத்தனை வீடு நான் மாத்திக் குடுத்திருக்கேன் அவர் வண்டியில.

இந்தா, மணப்பாறை வந்துருச்சு. முறுக்கு வேணுமா? எடுத்துக்கோ, நான் ரெண்டு பொட்டலம் வாங்கினேன். சும்மா வெச்சுக்கோ. ஹாஸ்டல்ல என்னத்தைப் போடறாங்களோ.

பூங்கோதையையும் கூப்பிட்டேன். "கூப்பிடாத வீட்டுக்கு நான் வர மாட்டேன். நீ போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு"ன்னுட்டா. கூடப் பிறந்தவளுக்கு ரோஷம் இருக்கலாம். எனக்கு அதெல்லாம் கட்டுப்படியாகுமா?

ஒண்ணு சொல்றேன். நீ யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல, உனக்குத்தான் பேச்சே வரலையே. வீடு தேடறப்ப எல்லாரும் என்னை அக்கா அக்காம்பாங்க. வெயில்ல குடை பிடிப்பாங்க. மோர் வாங்கித் தருவாங்க. அவங்க வீட்டுச் சண்டையெல்லாம் எங்கிட்டதான் சொல்லுவாங்க. பத்திரம் முடியட்டும், சந்தையில என்னைப் பார்த்தா குனிஞ்சு தக்காளி பொறுக்குவாங்க. வேண்டாத தக்காளி. கூடை நிறையப் பொறுக்கிட்டு, நான் போன பிறகு திரும்பக் கொட்டுவாங்க. நான் பார்த்திருக்கேன். கோவமில்ல. தொழில் அப்படி. ஆனா இத்தனை வருஷத்துல பத்திரம் முடிஞ்ச பிறகு என் கையைப் பிடிச்சவ அவ ஒருத்திதான். ரெண்டு கையையும். அதான்.

எனக்கு வீடா? வாடகைதான். ஓட்டு வீடு. பார்க்க நேரமெங்க இருக்கு, ஊருக்கெல்லாம் பார்க்கவே சரியா இருக்கு.

நேத்து ராத்திரி தூக்கமில்ல. போய் நின்னா கதவைத் திறப்பாளா? திறந்துட்டு, "என்னக்கா இங்க?"ன்னு கேட்டா என்ன சொல்றது? கருமண்டபத்துல ஒரு சைட்டு பார்க்க வந்தேன்னு சொல்லலாம். பட்டுச்சேலை கட்டிக்கிட்டா சைட்டு பார்ப்பாங்கன்னு கேட்டா? கேக்க மாட்டா. அவ கேக்கிற பொண்ணு இல்ல. ஜன்னல் வழியாப் பார்த்துட்டுத் திறக்காம இருந்துட்டா? அதுக்கு ஒண்ணும் யோசிக்கல. நீ படிச்ச பொண்ணு, நீ சொல்லேன். திறப்பாளா, மாட்டாளா? ம்னு சொல்லாத. ரெண்டுக்கும் நீ ம்னுதான் சொல்ற.

இரு, இரு. போன் அடிக்குது. பூங்கோதையாத்தான் இருக்கும், போயாச்சா போயாச்சான்னு... கண்ணாடி எங்க வச்சேன்? பேரைப் படி பாப்பா. என்ன போட்டிருக்கு?

வினோதாவா? நல்லாப் பார்த்துச் சொல்லு.

அலோ. சொல்லும்மா. நல்லா இருக்கேம்மா. நீ எப்படி... என்னது? தண்ணி ஏறலையா? மோட்டார் சத்தம் வருதா? சத்தம் வருது, தண்ணி வரல. அந்த டை கட்டின... அவன் எடுக்கலையா? காலையிலிருந்தா? அவன் எப்படிம்மா எடுப்பான். சரி அதை விடு. முதல்ல மோட்டாரை நிறுத்து. நிறுத்திட்டியா? அது ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீடா இருக்கும். குழாய்க்குள்ள காத்துப் புகுந்துருக்கும். மோட்டார் தலையில திருகு மூடி ஒண்ணு இருக்கும் பாரு. அதைத் திற. தம்பி இருக்காரா? அவரைத் திறக்கச் சொல்லு. சிரிச்சுக்கிட்டு நிக்காம திறக்கச் சொல்லு. அதுல தண்ணி ஊத்து. இன்னும் ஊத்து. வழியற வரைக்கும் ஊத்தணும். வழியுதா? இப்ப மூடியை இறுக்கிட்டுப் போடு மோட்டாரை. பொறு. பதறாத. கொஞ்சம் இருமும். இருமிட்டுத்தான் வரும்.

ஏறுதா? எனக்கே கேக்குதும்மா! தொட்டியில விழுது பாரு, அதான், அதான்.

என்னம்மா இதுக்குப் போயி. சும்மா இரு. அழாத.

நானா? வீட்டுலதான் இருக்கேன். சும்மாதான் உட்கார்ந்திருக்கேன். வேற எங்க போறேன்.

யோவ் கண்டக்டர், கொஞ்சம் மெதுவாக் கத்தேன்யா! இல்லம்மா, ஒண்ணுமில்ல. கருமண்டபமா? யாரு சொன்னா? அது டி.வி.ம்மா. டி.வி.யில கருமண்டபம்னு... விசிலா? அதுவும் டி.வி.தான். போலீஸ் படம்.

அலோ? வினோதா? அலோ?

பேச மாட்டேங்கிறா பாப்பா. லைன் இருக்கா, போச்சா? நம்பர் ஓடிட்டுதானே இருக்கு? அலோ. இருக்கியாம்மா?

ஆமா. பஸ்லதான் இருக்கேன். கருமண்டபம்தான். லாரிக்காரரைத் திட்டாதம்மா, நான்தான் கேட்டேன். தப்புதான். அடுத்த பஸ்ஸுல திரும்பிப் போயிடறேன். நீ ஒண்ணும்...

என்னது?

சரிம்மா. சரி. அதைத் தொட மாட்டேன். அதையும் தொட மாட்டேன். சொல்ல மாட்டேன், பூங்கோதைகிட்ட சத்தியமாச் சொல்ல மாட்டேன். ரெண்டு மணி. சரிம்மா. வச்சுடறேன்.

வாங்கன்னா பாப்பா. "வாங்கக்கா"ன்னு அவ வாயாலேயே சொன்னா! சாப்பிட்டுட்டு ரெண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிடணும், அடுப்படிக்குள்ள போகக் கூடாது, எதையும் நகர்த்தக் கூடாது, ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கணும்ங்கிறா. பார்த்தியா? விருந்தாளின்னு ஒரு வேலை செய்ய விட மாட்டேங்கிறா. நான் ஏறிப் போறதுக்குப் பஸ் நேரம் முதக்கொண்டு பார்த்து வச்சிருக்கா. இந்தக் காலத்துல யாரும்மா இவ்வளவு அக்கறையா இருக்காங்க?

நகரு, நகரு, இறங்கணும். அந்தப் பக்கெட்டை எடுத்துக் குடு. பார்த்து, கன்னு ஒடிஞ்சிரப் போகுது. யோவ், நில்லுய்யா, வயசானவ இறங்குறது தெரியல? உனக்கென்ன அவசரம்? இரு, ஒண்ணு கேட்டுக்கிறேன். திண்டுக்கல்லுக்கு ரெண்டு மணிக்கு ஒரு வண்டி இருக்குதுல்ல? அதை விட்டா, மூணு மணிக்கு ஒண்ணு இருக்கா?